தெரியாத குவாண்டம் நிலையைக் குறைந்த அளவீடுகளில் கண்டறிவது எப்படி?

ஒரு கருவி ஒவ்வொரு முறையும் ஒரே குவாண்டம் நிலையைத் தயாரித்துக் கொடுக்கிறது. அது என்ன நிலை என்று உங்களுக்குத் தெரியாது. அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். அதையும் கைக்கு அடங்கும் அளவீடுகளுக்குள் முடிக்க வேண்டும். இந்த வேலையில் புதிதாக இறங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். அணிகளிலும் நிகழ்தகவிலும் கல்லூரி முதலாண்டுப் பழக்கம் இருந்தால் போதும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அளவீடுகளைக் குறைக்க வழிகள் பல உண்டு. எதுவும் சும்மா கிடைப்பதில்லை. ஒன்று, கேட்கும் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறோம். இல்லையென்றால், அந்த நிலையைப் பற்றி ஏதோ ஒன்றை முன்கூட்டியே நம்புகிறோம். இவற்றில் எதைச் செய்கிறோம் என்று தெரிந்து செய்தால், குறைந்த அளவீடுகளில் வந்த விடையையும் தைரியமாக நம்பலாம்.

எண்ணிக்கை எங்கே எகிறுகிறது

குவாண்டம் தகவலின் மிகச்சிறிய அலகு கியூபிட். 0, 1 என்ற இரண்டின் மேற்பொருந்தலாகவும் அது இருக்கலாம். ஆனால் ஒரு கியூபிட்டை ஒரு முறை அளந்தால் 0 அல்லது 1 என்று ஒரே ஒரு பதில் கிடைக்கும். அதோடு பழைய நிலையும் போய்விடும். நகலெடுத்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப அளக்கலாமா என்றால் அதற்கும் வழியில்லை: தெரியாத குவாண்டம் நிலையை அச்சு அசலாக நகலெடுக்க இயலாது என்று வூட்டர்ஸ், சூரெக் இருவரும், தனியாக டீக்ஸும் 1982-இல் நிறுவினார்கள். ஆகவே கருவியை மறுபடி மறுபடி இயக்கி, ஒவ்வொரு முறையும் புதுப் பிரதியை அளக்க வேண்டும். அப்படி ஒரு முறை தயாரித்து அளப்பதை ஷாட் என்கிறோம்.

ஒரு கியூபிட்டின் நிலையைச் சொல்ல 3 மெய்யெண்கள் வேண்டும். இரண்டுக்கு 15. மூன்றுக்கு 63. கியூபிட் ஒன்று கூடும்போதெல்லாம் எண்ணிக்கை ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. எட்டுக்கு வரும்போது 65,535. ஒவ்வொரு கியூபிட்டையும் எக்ஸ், ஒய், இசட் என்ற மூன்று திசைகளில் ஒன்றில் அளப்பது வழக்கம் என்பதால், எல்லாச் சேர்க்கைகளையும் பார்க்க எட்டுக் கியூபிட்டுகளுக்கு 6,561 அளவீட்டு அமைப்புகள் தேவைப்படும். 2005-இல் இன்ஸ்புருக் குழுவினர் அயனிப் பொறியில் எட்டு கால்சியம் அயனிகளைக் கியூபிட்டுகளாக வைத்து இதை உண்மையாகவே செய்து முடித்தார்கள். அமைப்புக்கு 100 ஷாட் வீதம் மொத்தம் 6,56,100 ஷாட்கள்; அளக்க மட்டும் பத்து மணி நேரம். அதே வேகத்தில் பத்துக் கியூபிட் என்றால் ஒன்பது மடங்கு நேரம். அத்தனை நேரம் எந்தக் கருவியும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது.

முதல் படி: ஒரு கியூபிட்டைக் கையால் செய்து பாருங்கள்

மென்பொருளைத் திறப்பதற்கு முன் இதைத் தாளில் ஒரு முறை போட்டுப் பார்க்கச் சொல்வேன். பின்னால் வரும் சிக்கல்கள் அத்தனையும் இந்தச் சின்னக் கணக்கிலேயே தலைகாட்டிவிடுகின்றன.

மூன்று திசைகளிலும் 1,000 ஷாட் வீதம் அளந்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இசட் திசையில் 850 முறை 0, 150 முறை 1. எக்ஸ் திசையில் 800, 200. ஒய் திசையில் 720, 280. ஒவ்வொன்றிலும் வேறுபாட்டை 1,000-ஆல் வகுத்தால் இசட் மதிப்பு 0.70, எக்ஸ் மதிப்பு 0.60, ஒய் மதிப்பு 0.44. ஒரு கியூபிட்டுக்குச் சாத்தியமான நிலைகள் எல்லாம் அடங்கிய கோளத்தைப் பிளாக் கோளம் என்பார்கள்; இந்த மூன்றும் அதில் ஒரு புள்ளியின் ஆயங்கள். நிலை தெரிந்துவிட்டது என்று எழுந்துவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

மூன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டுங்கள்: 0.49, 0.36, 0.1936. கூட்டுத்தொகை 1.0436. பிளாக் கோளத்தின் ஆரம் 1; நம் புள்ளி மையத்திலிருந்து 1.02 தொலைவில், கோளத்துக்கு வெளியே நிற்கிறது. நிலையை முழுமையாக விவரிக்கும் அடர்த்தி அணியை எழுதி ஐகன் மதிப்புகளைக் கணக்கிட்டால் ஒன்று 1.011, மற்றொன்று கழித்தல் 0.011. ஐகன் மதிப்பு என்பது இங்கே நிகழ்தகவு. நிகழ்தகவு எதிர்மறையாக இருக்க முடியாது.

தவறு எங்கும் நடக்கவில்லை. 1,000 ஷாட்டில் இசட் மதிப்பின் திட்டப்பிழை 0.023, எக்ஸுக்கு 0.025, ஒய்க்கு 0.028. உண்மையான நிலை கோளத்தின் மேற்பரப்பை ஒட்டியிருந்தால், இந்த அளவு ஆட்டத்தில் மதிப்பீடு வெளியே விழுவது இயல்புதான். எளிய தீர்வு, புள்ளியை நேராக மையத்தை நோக்கி இழுத்துக் கோளத்தின் மேல் வைப்பது: 0.685, 0.587, 0.431. பல கியூபிட் வரும்போது இதே வேலையை மீப்பெரு நிகழ்வாய்ப்பு முறையோ, எதிர்மறை ஐகன் மதிப்பை அனுமதிக்காத மீச்சிறு வர்க்க முறையோ செய்துகொடுக்கும். இப்படி உள்ளே இழுக்கும்போது மதிப்பீட்டில் ஒரு சாய்வு ஏற்படுகிறது. ஷாட்கள் குறைவாக இருக்கும்போது இலக்கு நிலையோடான ஒப்புமை (முழுதும் ஒத்தால் 1, சற்றும் ஒவ்வாவிட்டால் 0) சற்றுக் குறைவாகவும், கியூபிட்டுகளைப் பிணைக்கும் குவாண்டம் பின்னல் சற்று அதிகமாகவும் தெரியக்கூடும். முடிவை எழுதும்போது இதை நினைவில் வையுங்கள்.

பிழை குறையும் வேகத்தையும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பிழையைப் பத்தில் ஒரு பங்காக்க நூறு மடங்கு ஷாட் வேண்டும். மூன்றாவது தசம இடத்துக்காக ஆசைப்படுவதற்கு முன் அது உங்களுக்கு எதற்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

இந்தக் கேள்விக்கு ஒரு வாக்கியத்தில் பதில் எழுதுங்கள். எழுதிய பிறகே அளவீட்டைத் திட்டமிடுங்கள். அடர்த்தி அணி முழுவதும் வேண்டும் என்று தொடங்குகிறவர்களில் பலருக்கு உண்மையில் அது தேவையில்லை. அதிலிருந்து கடைசியில் பிழிந்தெடுக்கப் போகும் ஓரிரு எண்கள்தான் தேவை.

மிக வழக்கமான தேவை, “நான் தயாரிக்க நினைத்த நிலை வந்திருக்கிறதா?” என்பது. எல்லாக் கியூபிட்டும் 0, எல்லாக் கியூபிட்டும் 1 என்ற இரண்டும் சம அளவில் மேற்பொருந்திய ஜி.எச்.இசட். நிலையை எடுத்துக்கொள்வோம். மூன்று கியூபிட்டுக்கு முழு டோமோகிராபி, அதாவது எல்லாச் சேர்க்கைகளையும் அளந்து முழு நிலையையும் மீட்டமைப்பது, செய்தால் 27 அமைப்புகள். ஒப்புமை அளவு மட்டும் போதும் என்றால் நான்கே அமைப்புகள். முதலில் மூன்றையும் இசட் திசையில் அளந்து 000, 111 இரண்டும் வரும் நிகழ்தகவுகளைக் கூட்டி அதில் பாதியை எடுக்கவும். பிறகு மூன்றையும் எக்ஸ்–ஒய் தளத்தில் எக்ஸிலிருந்து 60 பாகை சாய்ந்த திசையில், அடுத்து 120 பாகையில், அடுத்து 180 பாகையில் அளக்கவும். ஒவ்வொரு ஷாட்டிலும் 0-க்குக் கூட்டல் 1, 1-க்குக் கழித்தல் 1 என்று வைத்து மூன்றையும் பெருக்கிச் சராசரி காணுங்கள். மூன்று சராசரிகளுக்கும் முறையே கழித்தல், கூட்டல், கழித்தல் குறி போட்டுக் கூட்டி 6-ஆல் வகுத்து, முன்பு கிடைத்த பாதியோடு சேர்த்தால் ஒப்புமை அளவு கைக்கு வந்துவிடும். நிலை பிசகின்றி இருந்தால் விடை சரியாக 1. பத்துக் கியூபிட்டுக்கும் இதே செய்முறைதான்: கோணம் 18 பாகை வீதம் ஏறும், 6 இருந்த இடத்தில் 20 வரும், அமைப்புகள் 11. முழு டோமோகிராபிக்கு 59,049.

இந்தச் சுருக்கத்தில் நிலையைப் பற்றி நாம் எதையும் நம்பவில்லை. வந்திருப்பது எந்த நிலையாக இருந்தாலும் கணக்கு செல்லும். கேள்வியைச் சுருக்கினோம், அவ்வளவுதான். அதற்கான விலையும் உண்டு: ஒப்புமை 0.8 என்று வந்தால், மீதி 0.2 எங்கே போனது என்பதற்கு இந்த நான்கு அமைப்புகளிடம் முழுப் பதில் இல்லை.

மூன்றாம் படி: வழியைத் தேர்ந்தெடுங்கள்

நிலை முழுவதும் வேண்டும், அது கிட்டத்தட்டத் தூய நிலை (இரைச்சல் கலக்காத நிலை) என்று நம்பக் காரணமும் இருக்கிறது என்றால் சுருக்க உணர்வு முறை பொருந்தும். தூய நிலையின் அடர்த்தி அணிக்குத் தரம் 1, அதாவது பூச்சியமல்லாத ஐகன் மதிப்பு ஒன்றே ஒன்று. ஏழு கியூபிட் என்றால் பொதுவான நிலைக்கு 16,383 எண்கள் வேண்டும். தூய நிலைக்கு 254 எண்களே போதும். இந்த இடைவெளியைத்தான் பயன்படுத்திக்கொள்கிறோம். கிராஸ், லியூ, பிளாமியா, பெக்கர், ஐசர்ட் ஐவரும் 2010-இல் காட்டியது இது: பவுலி அளவீடுகளில் (எக்ஸ், ஒய், இசட் திசைகளின் சேர்க்கைகளில்) ஒரு சிறு பகுதியைக் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்து, அவற்றோடு ஒத்துப்போகும் அணிகளில் தரம் குறைந்ததைக் குவிவு உகமமாக்கல் மூலம் தேடினால், உண்மையான நிலையே கிடைத்துவிடும். 2017-இல் ஏழு அயனிகளில் இதைச் செய்துகாட்டிய சோதனையில் 2,187 அமைப்புகளுக்குப் பதில் 127 அமைப்புகளும், ஒவ்வொன்றிலும் 100 ஷாட்களுமே எடுக்கப்பட்டன. அமைப்புகளை நீங்களே பார்த்துப் பொறுக்காதீர்கள். கண்ணுக்கு ஒழுங்காகத் தெரியும் தேர்வில் நிலையின் ஒரு பகுதி முழுவதும் அளக்கப்படாமலே போய்விடலாம். குருட்டுத் தேர்வுதான் அந்த ஆபத்தைப் பரவலாக்கிக் குறைக்கிறது.

கியூபிட்டுகள் ஒரு வரிசையில் நின்று, பக்கத்து அண்டைகளோடு மட்டும் ஊடாடி, பின்னல் வெகுதூரம் பரவாமல் இருந்தால் இன்னும் மலிவான வழி ஒன்று இருக்கிறது. அடுத்தடுத்த மூன்று மூன்று கியூபிட்டுகளை மட்டும் முழுமையாக அளந்து, அந்தத் துண்டுகளைச் சங்கிலியாகக் கோப்பது. எக்ஸ், ஒய், இசட் திசைகளாலான மூன்று எழுத்து வடிவத்தை வரிசை நெடுகத் திருப்பித் திருப்பிப் போட்டால் 27 அமைப்புகளிலேயே எல்லாத் துண்டுகளும் அடங்கிவிடும். வரிசை எவ்வளவு நீளமானாலும் 27 தான். 14 அயனிகள் வரை இந்த வழியில் ஆராய்ந்திருக்கிறார்கள். வரிசை தொடக்க நிலையிலிருந்து வெகுநேரம் இயங்கிவிட்டால் பின்னல் பரவி, இந்த நம்பிக்கை உடைந்துவிடும்.

நான்காம் படி: நிழல்களைச் சேகரியுங்கள்

என்ன கேட்கப் போகிறோம் என்று இன்னும் முடிவாகவில்லை, கேள்விகளும் ஏராளமாக இருக்கலாம் என்றால் செவ்வியல் நிழல் முறைக்குப் போங்கள். ஹுவாங், கூங், பிரெஸ்கில் மூவரும் 2020-இல் வெளியிட்ட முறை இது. புதியவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுக்க விரும்புவதும் இதுதான். செய்முறை அவ்வளவு எளிது.

ஒவ்வொரு ஷாட்டிலும், ஒவ்வொரு கியூபிட்டுக்கும் தனித்தனியாக எக்ஸ், ஒய், இசட் மூன்றில் ஒன்றைச் சீட்டுக் குலுக்குவதுபோல் தேர்ந்தெடுத்து அளக்கவும். திசைகளையும் விடைகளையும் குறித்து வைக்கவும். அளவீடு இத்தோடு முடிந்தது. கேள்வி பிறகு வரலாம், ஒரு வருடம் கழித்துக்கூட வரலாம்.

முதல் இரண்டு கியூபிட்டுகளும் இசட் திசையில் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பிறகு கேட்கிறீர்கள் என்போம். குறிப்பேட்டைப் புரட்டுங்கள். ஒரு ஷாட்டில் திசைகள் இசட், இசட், எக்ஸ். விடைகள் 0, 0, 1. முதல் இரண்டின் திசையும் கேள்வியோடு பொருந்துகிறது; குறிகளின் பெருக்கல் கூட்டல் 1; அதை 9-ஆல் பெருக்கி 9 என்று எழுதுங்கள். அடுத்த ஷாட்டில் திசைகள் எக்ஸ், இசட், ஒய். பொருந்தவில்லை, 0 என்று எழுதுங்கள். மூன்றாவது கியூபிட்டின் திசை எதுவானாலும் கவலையில்லை, அதைப் பற்றி நாம் கேட்கவே இல்லை. இரண்டு திசைகளும் பொருந்த ஒன்பதில் ஒரு வாய்ப்பு என்பதால்தான் 9-ஆல் பெருக்கினோம். 9,000 ஷாட்டில் ஏறக்குறைய 1,000 பொருந்தும், ஜி.எச்.இசட். நிலையானால் அந்த ஆயிரமும் 9 என்று விழும். எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சராசரி எடுத்தால் 1-ஐ ஒட்டி நிற்கும். அதே குறிப்பேட்டை வைத்து இரண்டாவது, மூன்றாவது கியூபிட்டுகளின் எக்ஸ் உறவையும் கேட்கலாம், ஒய்–இசட் உறவையும் கேட்கலாம். புதிதாக ஒரு ஷாட் கூட எடுக்க வேண்டாம்.

50 கியூபிட்டுகளில் எந்த இரண்டுக்கும் இடையிலுள்ள பவுலி உறவுகளை எண்ணினால் 11,025 வரும். அத்தனையையும் 0.1 பிழைக்குள், 95 சதவீத உறுதியோடு சொல்ல ஏறத்தாழ 25,000 ஷாட் போதும். கேள்விகளின் எண்ணிக்கை இரட்டிப்பானால் கூடுதலாக வேண்டியது ஆயிரத்து முந்நூறு ஷாட் மட்டுமே. தேவை மடக்கை வேகத்தில் ஏறுவதன் பலன் இது. முதன்முறை இந்தக் கணக்கைப் போட்டபோது எங்கோ பிசகியிருக்கிறேன் என்று நினைத்து, மூன்று தடவை திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

இதன் எல்லை அந்தப் பெருக்கும் எண்ணிலேயே இருக்கிறது. இரண்டு கியூபிட் கேள்விக்கு 9, மூன்றுக்கு 27. பத்துக் கியூபிட்டுகளை ஒரே சமயம் தொடும் கேள்விக்கு 59,049: அத்தனை ஷாட்டில் சராசரியாக ஒன்றுதான் பொருந்தும். ஜி.எச்.இசட். ஒப்புமை அந்த வகைக் கேள்வி என்பதால், அதற்கு இரண்டாம் படியில் சொன்ன வழியே மேல். கியூபிட்டுகளைத் தனித்தனியாகச் சுழற்றாமல், எல்லாவற்றையும் சேர்த்துக் கலைக்கும் கிளிஃபோர்டு சுற்றுகளை வைத்தும் நிழல் எடுக்கலாம். ஒப்புமைக் கேள்விகளை அது சமாளிக்கும். ஆனால் அந்தச் சுற்றுகள் நீளமானவை. இரைச்சல் மிகுந்த கருவியில் அளக்கும் சுற்றே நிலையைக் கெடுத்துவிடும்.

ஐந்தாம் படி: கருவியின் குறையை நிலையின் மேல் ஏற்றாதீர்கள்

0-ஐத் தயாரித்தாலும் 100-க்கு 2 முறை 1 என்று படிக்கும், 1-ஐத் தயாரித்தாலும் 100-க்கு 5 முறை 0 என்று படிக்கும் கருவி ஒன்று இருக்கிறது என்போம். அதில் 1,000 ஷாட்டில் சரிபாதியாக 500, 500 என்று வந்தால், உண்மையில் 1-இன் பங்கு 500 அல்ல, 516. எவ்வளவு ஷாட் கூட்டினாலும் இந்தப் பிழை குறையாது. அதனால் அளவீட்டுக்கு முன்னும் பின்னும் 0-ஐயும் 1-ஐயும் தயாரித்து, கருவி எப்படிப் படிக்கிறது என்று குறித்துக்கொண்டு திருத்துங்கள்.

அமைப்புகளைக் கலைத்துப் போட்டு அளப்பதும் அதே அளவு முக்கியம். நான்கு கியூபிட்டுக்கான 81 அமைப்புகளையும் அகராதி வரிசையில் அளந்து நான் ஒரு முறை மாட்டிக்கொண்டேன். எக்ஸில் தொடங்குபவை எல்லாம் முதலில், இசட்டில் தொடங்குபவை எல்லாம் கடைசியில். நடுவில் கருவி மெல்ல விலகியிருந்தது. வந்த அணியில் எதிர்மறை ஐகன் மதிப்புகள் திட்டப்பிழையைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்தன. முதல் படியில் பார்த்த கழித்தல் 0.011 இயல்பானது, இது எந்த ஒரு நிலையாலும் தர முடியாத முரண். இந்த வேறுபாட்டைப் பார்க்க வேண்டுமானால், கோளத்துக்குள் இழுப்பதற்கு முன்பே ஐகன் மதிப்புகளைப் பார்த்துவிட வேண்டும். மென்பொருள் தானாகத் திருத்திக் கொடுத்த அணியில் இந்த எச்சரிக்கை அழிந்துபோயிருக்கும். சராசரிகளை மட்டும் சேமிக்காமல், ஒவ்வொரு ஷாட்டின் விடையையும் நேரத்தோடு சேமிக்கச் சொல்வதும் இதனால்தான்.

ஆறாம் படி: நம்பிக்கையைச் சோதியுங்கள்

மூன்றாம் படியின் வழிகளில் ஒன்றைப் பிடித்திருந்தால், அமைப்புகளில் பத்தில் ஒன்றை மீட்டமைப்பில் சேர்க்காமல் ஒதுக்கி வையுங்கள். மற்றவற்றிலிருந்து நிலையைக் கண்டுபிடித்து, ஒதுக்கிய அமைப்புகளில் என்ன விடை வர வேண்டும் என்று அந்த நிலையைக் கொண்டு முன்கூட்டிக் கணக்கிடுங்கள். பிறகு உண்மை விடையோடு ஒப்பிடுங்கள். வேறுபாடு ஷாட் எண்ணிக்கை தரும் திட்டப்பிழைக்குள் நின்றால் நிலை தேர்ந்துவிட்டது. மீறினால் முதலில் தரத்தை 1-இலிருந்து 2 ஆக்கிப் பாருங்கள், பிறகு 3. சங்கிலி முறையானால் மூன்று கியூபிட் துண்டை நான்காக்குங்கள். அப்போதும் ஒத்துவராவிட்டால், குறைந்த அளவீட்டில் பிடிபடும் நிலை அது இல்லை என்று அப்படியே எழுதிவிடுங்கள்.

உண்மைக் கருவியைத் தொடும் முன், மூன்று கியூபிட் ஜி.எச்.இசட். நிலையை ஒரு பாவனை மென்பொருளில் தயாரித்து, மொத்தம் 2,700 ஷாட் என்ற வரம்புக்குள் மூன்று வழிகளையும் ஓட்டிப் பாருங்கள்: 27 அமைப்புகளில் 100 ஷாட் வீதம், நான்கு அமைப்புகளில் 675 வீதம், பிறகு 2,700 நிழல்கள். அடுத்து, மேலே சொன்ன 2, 5 சதவீத வாசிப்புப் பிழையை வேண்டுமென்றே கலந்துவிட்டு, திருத்தாமல் ஒரு முறையும் திருத்தி ஒரு முறையும் கணக்கிடுங்கள். ஒப்புமை எண் எவ்வளவு நகர்கிறது என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு கருவிக்கு வாருங்கள்.